கூப்பிட்ட பிறகு முக்கால் மணி நேரம்

எனக்கு வாய் அதிகம். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊரில் யாராவது சொல்லிவிடுவார்கள். நாள் முழுக்கப் பேசுவேன், தூக்கத்திலும் கொஞ்சம் பேசுவேன், ஆள் கிடைக்காவிட்டால் காப்பிக் கெட்டிலோடு பேசுவேன். அப்படிப்பட்ட என்னைக் காட்டுக்கு வழிகாட்டியாக வைத்து ஒரு தொழில் நடக்கிறது என்றால் அதற்குக் காரணம் ஸ்டூரே. அவன் பேசவே மாட்டான். வடக்கு ஸ்வீடனில் எங்கள் வெஸ்தர்போத்தன் பக்கத்து ஆண்கள் பொதுவாகவே வார்த்தையைக் கிள்ளித்தான் கொடுப்பார்கள். ஆமாம் என்பதைக்கூடச் சொல்லமாட்டார்கள், மூச்சைச் சுருக்கென்று ஒருமுறை உள்ளே இழுப்பார்கள். ஸ்டூரே அந்த மூச்சையும் யோசித்துத்தான் இழுப்பான்.

மூன்று வருடமாக நாங்கள் இரண்டு பேரும் நகரத்து ஆட்களை நான்கு நாளைக்குக் காட்டுக்குள் கூட்டிப்போகிறோம். கூடாரத்தில் படுக்கவைத்து, மூஸ் என்கிற ராட்சத மானின் தடம் பார்க்கச் சொல்லிக்கொடுத்து, அதிர்ஷ்டம் இருந்தால் மூஸையே காட்டி அனுப்புகிறோம். மூட்டை தூக்குவது, அடுப்பு மூட்டுவது, தடம் கண்டுபிடிப்பது எல்லாம் அவன். அவன் கண்டுபிடித்த தடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றுவது நான்.

செப்டம்பர் கடைசியில் அந்த வருடத்தின் கடைசிப் பயணம் வந்தது. மூஸ்களுக்குக் காதல் முற்றும் காலம் அது. வேட்டைக்காரர்களே அந்த இரண்டு வாரம் துப்பாக்கியை மூடிவைத்துவிடுவார்கள். அது முடிந்து திங்கட்கிழமை ஸ்டூரே நார்வேக்குப் போகிறான், ஒரு சால்மன் மீன் பண்ணையில் நிரந்தர வேலைக்கு. ஆகஸ்டில் இதை அவன் என்னிடம் அறிவித்த அழகைக் கேளுங்கள்.

"கடைசிப் பயணம் முடிஞ்சதும். நார்வே. மீனு."

"ஓ, நல்லது," என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சின்ன வாக்கியம் அதுதான், மிகப் பெரிய பொய்யும் அதுதான்.

எனக்கு அவன் வேண்டும். ஐம்பத்து மூன்று வயதில் இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. காலையில் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு விறகு உடைப்பதைப் பார்த்தால் எனக்குப் பேச்சு தடுமாறும், என்னைப் பொறுத்தவரை அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி. ஆனால் நானாகக் கேட்கமாட்டேன். காரணம் ரூனே, என் முதல் கணவன். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவனிடம் கேட்டவள் நான்தான். 'செஞ்சுக்கலாமே, அதுக்கென்ன' என்றான். அந்தப் பதிலோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தினேன். பிரிந்துவிடலாமா என்று கேட்டபோது, 'சரி, வீடாவது அமைதியா இருக்கும்' என்றான். அன்றைக்கு முடிவெடுத்தேன். அடுத்தவன் எவனாக இருந்தாலும் அவன்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும். போயும் போயும் எனக்கு வாய்த்தவன் ஸ்டூரே.

அந்தப் பயணத்துக்கு யோத்தேபொரி நகரத்திலிருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். மூத்தவர் வீவெகா, ஓய்வுபெற்ற நீதிபதி, எழுபது வயது. இளையவள் லோட்டா, முப்பத்தெட்டு வருடம் டிராம் ஓட்டியவள். முதல் நாள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்ததும் லோட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி.

"அறுபத்து மூணு வயசாச்சுங்க எனக்கு. இந்த நாட்டுலயே பொறந்து வளந்து, இன்னும் ஒரு மூஸைக் கண்ணால பாத்ததில்ல. வெளிய சொன்னா வெக்கக்கேடு. ஒரே ஒரு தடவை ரயில்ல போறப்ப பாத்தேன், அதுவும் பின்பக்கம்."

"அது பாறை," என்றார் வீவெகா.

"அசைஞ்சுதுக்கா."

"ரயில் அசைஞ்சுது. இந்த சாட்சியை நான் ஏத்துக்க மாட்டேன்."

ஸ்டூரே எங்கள் ஊர் வழக்கப்படி லோட்டாவின் கோப்பையில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு, அதன் மேல் கொதிக்கும் காப்பியை ஊற்றினான். அவனுடைய அகராதியில் அதற்குப் பெயர் ஆறுதல்.

மூன்று நாள் நடந்தோம். சதுப்பில் என் கை அகலத்துக்குக் குளம்புத் தடம், பைன் கன்றுகளில் கொம்பைத் தேய்த்து நார் நாராகத் தொங்கவிட்ட பட்டை, இன்னும் ஆவி பறக்கும் புழுக்கை, எல்லாம் கிடைத்தது, மூஸ் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் காளை மூஸ் தோண்டிய குழியைக் காட்டினேன். குழியைத் தோண்டி, அதில் சிறுநீர் கழித்து, அந்தச் சேற்றிலேயே புரண்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை பெண் பார்க்கக் கிளம்புவார் என்று விளக்கினேன். வீவெகா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"என் ரெண்டாவது வீட்டுக்காரர் போட்ட சென்ட்டு இதைவிட மோசம்," என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு வலித்தது. சிரிப்பு அடங்கியதும் ஸ்டூரேயைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே இருவரும் குழியைப் பார்த்தோம். இப்படித்தான் எங்கள் மூன்று வருடமும் போயிற்று.

வியாழக்கிழமை வீவெகாவின் முழங்கால் வீங்கிவிட்டது. வெள்ளி கடைசி நாள். காலையில் மூஸைக் கூப்பிட வேண்டும், ஆனால் கூடாரத்தை விட்டுத் தூரமாக நடக்க அவரால் முடியாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் கூப்பிடவே கூடாது என்பது நானே போட்ட விதி. காதல் வெறியில் இருக்கும் நானூறு கிலோவை யாராவது வீட்டு வாசலுக்கு அழைப்பார்களா? ஆனால் லோட்டாவின் முகத்தைப் பார்த்தேன், அழைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கூப்பிடும் முறை இதுதான். பிர்ச் மரத்தின் பட்டையைக் குழலாகச் சுருட்டி, அதில் பெண் மூஸ் மாதிரி மூக்கால் முனக வேண்டும். நீளமாக, ஏக்கமாக, கொஞ்சம் கோபமாக. எனக்கு அது இயல்பாகவே வரும். முனகிவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் காளை எவ்வளவு தூரத்திலிருந்து புறப்படும் என்று தெரியாது. அந்த முக்கால் மணி நேரமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது, தலையைத் திருப்பக்கூடாது. நான்கு பேரும் முதுகோடு முதுகு சாய்ந்து நான்கு திசையைப் பார்த்து உட்காருவோம், அப்போதுதான் யாரும் திரும்ப வேண்டியிருக்காது. விதியை மீறியவர் எல்லோருடைய பாத்திரத்தையும் உறைபனி ஓடையில் கழுவ வேண்டும். ஒரு தடவை ஸ்டாக்ஹோம்காரர் ஒருவர் தும்மினார், அவர் பாத்திரம் கழுவியதை நான் இன்றைக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் சொல்வேன்.

விடிந்து ஏழு மணி. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. கொடியில் ஸ்டூரேயின் கம்பளி உள்காற்சட்டை பலகை மாதிரி விறைத்துத் தொங்கியது. ஒரு சின்ன வீடு அளவுக்குப் பெரிய பாறை ஒன்று கூடாரங்களுக்குப் பின்னால் இருந்தது, அதன் அடியில் உட்கார்ந்தோம். லோட்டா சதுப்பைப் பார்த்து, வீவெகா ஓடையைப் பார்த்து, நான் கூடாரங்களைப் பார்த்து, ஸ்டூரே பாறையைப் பார்த்து. பாறைப் பக்கத்திலிருந்து எதுவும் வராது, அப்படிப்பட்ட பக்கத்தை அவன் ஒருபோதும் விருந்தாளிகளுக்கு விடமாட்டான். நான் குழலை எடுத்து முனகினேன், மூன்று தடவை. பிறகு வாயை மூடினேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். என் முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"உல்ரிகா," என்றான் ஸ்டூரே.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டூரே! விதியை மீறுவது ஸ்டூரேயா?

"திரும்பாத. பேசாத," என்றான் மெதுவாக. "நீ பேச முடியாதுன்னுதான் இப்ப பேசறேன். மூணு வருஷமா நேரம் பாக்கறேன். நீ மூச்சு விடற கேப்புல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த கதை ஆரம்பிச்சிடும்."

லோட்டாவின் முதுகு என் தோளில் விறைத்தது. வீவெகா மூச்சு விடுவதை நிறுத்திவிட்டார்.

"எனக்கு மீனே புடிக்காது," என்றான் ஸ்டூரே. "நார்வேன்னு சொன்னா நீ 'போகாத'ன்னு சொல்லுவியான்னு பாக்கத்தான் சொன்னேன். அப்ப அப்படி ஒரு வேலையே கெடையாது. நீ 'நல்லது'ன்னுட்ட. சொன்னது பொய்யாகிடக் கூடாதேன்னு அதுக்கப்புறம்தான் வேலை தேடினேன். கெடைச்சும் தொலைச்சுது. கையெழுத்தும் போட்டுட்டேன்."

கடவுளே. சொன்ன பொய் பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக வேறு நாட்டில் போய் மீன் வளர்க்கக் கிளம்பும் ஆள் எங்கள் ஊரில்தான் இருப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் பல்லுக்கு நடுவில் கடித்து வைத்துக்கொண்டேன்.

அப்போது சதுப்புக்கு அந்தப் பக்கம் கிளை ஒன்று முறிந்தது. பிறகு அந்தச் சத்தம். 'ஊக்.' கொஞ்சம் பொறுத்து, 'ஊக்.' நெஞ்சுக்குள்ளிருந்து வரும் கனத்த உறுமல். காளை வந்துகொண்டிருந்தது.

ஸ்டூரேக்கும் கேட்டிருக்கும். கேட்காமல் இருக்காது, காட்டில் ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று சொல்லுவான். ஆனால் மூன்று வருடம் கழித்துத் திறந்த வாய் அது, இனி மூட முடியாது.

"என் வீட்ல தெக்குப் பக்கத்து ரூமைப் போன வருஷமே சுத்தம் பண்ணி வெச்சுட்டேன். அலமாரில பாதி காலி. நீ வந்து என்கூட இருக்கியா? பயணத்துக்கு மட்டும் இல்ல. எப்பவும். குளிர்காலத்துலயும்."

கேட்டுவிட்டான்! வாயைத் திறந்து, முழுசாக, இடையில் எச்சில் விழுங்கியது உட்பட! குதித்து எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது.

"வேண்டாம்னா நீ ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றான். "சும்மா இரு. நான் புரிஞ்சுக்கறேன். திங்கக்கிழமை கெளம்பிடறேன்."

அட மடையா! பேசக்கூடாத நேரத்தில் கேட்டுவிட்டு, பேசாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமாம்!

நான் வாயைத் திறந்தேன். அதே நொடியில் லோட்டாவின் உடம்பு முழுக்க நடுங்கியது. கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினேன். சதுப்பின் விளிம்பில், மூடுபனிக்குள், அது நின்றது. குதிரையைவிட உயரம், மூக்கிலிருந்து ஆவி, இரண்டு பக்கமும் விரித்த கொம்பு, அதில் பாதி சதுப்பின் பாசி தொங்கிக்கொண்டிருந்தது. லோட்டா சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அறுபத்து மூன்று வருடம் காத்திருந்தவள். ஸ்டூரே மாதிரி மெல்லப் பேச எனக்கு வராது, நான் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது அப்படியே காட்டுக்குள் மறைந்துவிடும்.

தலையாட்டினால் அவன் பார்க்க முடியாது. அதனால் முழங்கையால் அவன் விலாவில் இடித்தேன். 'சரி' என்ற அர்த்தத்தில். கொஞ்சம் பலமாக இடித்துவிட்டேன் போலிருக்கிறது.

"சரி, சரி," என்று முனகினான். "வாயை மூடிக்கறேன்."

இன்னொரு தடவை இடித்தேன்.

"அதான் மூடிட்டேன்ல."

அவன் முதுகு என் முதுகிலிருந்து ஒரு விரற்கடை விலகியது. அந்த ஒரு விரற்கடைக் குளிரை என்னால் தாங்க முடியவில்லை. திங்கட்கிழமை அவன் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அந்தக் காட்டில், அந்த நேரத்தில், நான் எழுப்ப அனுமதி உள்ள சத்தம் ஒன்றே ஒன்றுதான்.

குழலை எடுத்தேன். முனகினேன். இருபது வருடமாகக் கூப்பிடுகிறேன், அப்படி ஒரு முனகல் என்னிடமிருந்து அதற்கு முன்னால் வந்ததில்லை. மூன்று வருட ஏக்கம், ரூனேயின் பதினோரு வருடம், தெற்குப் பக்கத்து அறை, பாதி அலமாரி, எல்லாம் அதில் இருந்தது. ஓடைக்கு அப்பால் பறவைகள் எழுந்து பறந்தன.

காளை ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு எங்களை நோக்கி நேராக ஓடி வந்தது.

"பாறை மேல!" என்று கத்தினேன்.

அடுத்து நடந்தது எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தது. முழங்கால் வீங்கியவர் முதலில் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார், எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஸ்டூரே லோட்டாவைத் தூக்க, நான் கீழேயிருந்து தள்ள, லோட்டா 'பாத்துட்டேன், பாத்துட்டேன்' என்று கூவிக்கொண்டே ஏறினாள். ஸ்டூரே என் கையைப் பிடித்து இழுத்து மேலே போட்டான். காளை கூடாரங்களுக்கு நடுவே புகுந்து, கொடியை அறுத்துக்கொண்டு, பாறைக்குக் கீழே வந்து நின்று மேலே பார்த்தது. அதன் இடது கொம்பில் ஸ்டூரேயின் உள்காற்சட்டை விறைப்பாக, கால் இரண்டும் விரித்துத் தொங்கியது.

யாரும் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்த மறுகணமே நான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டோம். லோட்டா பாறையில் படுத்தே விட்டாள்.

"போதும்மா சாமி, போதும்! இனிமே மூஸை நான் தபால்தலையில பாத்துக்கறேன்!"

ஸ்டூரேதான் முதலில் சிரிப்பை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். இந்தத் தடவை வேறெங்கும் பார்க்கவில்லை.

"அது எனக்குச் சொன்னதா," என்றான், "இல்ல அவனுக்குச் சொன்னதா?"

நான் பதில் சொல்வதற்குள் வீவெகா கையை உயர்த்தினார். பாறை உச்சியில் தலைமுடி கலைந்து உட்கார்ந்திருந்தாலும் குரலில் நீதிமன்றம் அப்படியே இருந்தது.

"கேள்வி தெளிவா கேக்கப்பட்டிருக்கு. நானும் என் தங்கச்சியும் சாட்சி. பதில்தான் மூஸ் பாஷையில இருக்கு. அதை ஏத்துக்க முடியாது. மனுஷ பாஷையில சொல்லும்மா."

"உனக்குத்தான்டா சொன்னேன், மரமண்டை!" என்று கத்தினேன். "வரேன்! குளிர்காலத்துலயும் வரேன்! அலமாரில பாதியெல்லாம் பத்தாது, முக்கால்வாசி வேணும்! இடிச்சா புரியாதா உனக்கு? ரெண்டு தடவை இடிச்சேனே!"

"நீ தெனமும்தான் இடிக்கற," என்றான் ஸ்டூரே.

கீழேயிருந்து 'ஊக்' என்றது காளை. தனக்குச் சொன்னதாகவே அது கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தது, பாவம்.

இறங்க முடியவில்லை. மாப்பிள்ளை பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த ஒரு மணி நேரமும் ஸ்டூரே பேசினான். நம்பமாட்டீர்கள், ஆனால் பேசினான். நான் சதுப்பில் விழுந்த அன்றைக்கு என்ன சொல்லித் திட்டினேன், எந்தப் பயணத்தில் எந்தத் தொப்பி போட்டிருந்தேன், அந்த ஸ்டாக்ஹோம்காரர் கதையில் ஒவ்வொரு தடவையும் நான் என்னென்ன சேர்த்துக்கொண்டே வந்தேன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். அவன் ஒரு வார்த்தையையும் விட்டிருக்கவில்லை. அவன் காதில் என் பேச்சு விழுகிறதா என்றே எனக்குப் பல நாள் சந்தேகம் இருந்தது.

"நார்வேக்காரனுக்குச் சொல்லணும்ல," என்றாள் லோட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இப்பவே," என்றார் வீவெகா. "சாட்சிகள் முன்னாடி."

கீழே கூடாரத்தில் ஒருபோதும் சிக்னல் கிடைக்காது, பாறை உச்சியில் ஒரு கோடு கிடைத்தது. ஸ்டூரே தொலைபேசியைக் காதில் வைத்து எழுந்து நின்றான்.

"ஓட்வார்? ஸ்டூரே பேசறேன். திங்கக்கிழமை வரல... இல்ல, ஒடம்பு நல்லாத்தான் இருக்கு... ரூமெல்லாம் ஒண்ணும் கொறையில்ல... உல்ரிகான்னு ஒருத்தி. அவகூட வாழப்போறேன்."

அந்தப் பக்கம் பண்ணைக்கார ஓட்வார் எதையோ நீளமாகச் சொன்னான். என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் ஒருமுறை எங்களோடு காட்டுக்கு வந்திருக்கிறான், நான்கு நாளும் நான் பேசியதைக் கேட்டிருக்கிறான். அமைதியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ரூனே ஞாபகத்துக்கு வந்தான்.

ஸ்டூரே பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"ஆமா, பேசுவா," என்றான். "நிறுத்தாம பேசுவா. அதுக்காகத்தான்."

நான் பாறை மேல் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கீழே காளை நின்று, காதுகளைத் திருப்பி, கேட்டுக்கொண்டிருந்தது.